வெயில் ஏறாத இடம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் வெயிலுக்கு வைத்திருந்த துப்பாக்கியின் மரக் கட்டையை எடுக்கப் போன கௌஸ் மொய்தீன், வலது கையால் பிடிக்கிற அதன் கழுத்துப் பக்கத்தில் நாலு வெளிறிய கோடுகளைப் பார்த்தார். மூன்று நீளம், ஒன்று குட்டை. காலையில் வைக்கும்போது அவை இல்லை. கட்டை முழுக்க ஒரே சீராகச் சிவக்கத் தொடங்கியிருக்க, அந்த நாலு இடம் மட்டும் இப்போதுதான் இழைத்த மரம் போல வெளுத்துக் கிடந்தது. கொடியிலிருந்து துணி ஏதாவது மேலே விழுந்து கிடந்திருக்கும் என்று நினைத்துக் கொடியைப் பார்த்தார். கொடியில் துணியே இல்லை.

படியின் உச்சியில் நின்று கீழே குரல் கொடுத்தார்.

"சுக்ரா, கட்டைய எடுத்தியா?"

"எனக்கு வேற வேலையில்ல பாருங்க," என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொன்னாள். "அந்த எண்ணெ நாத்தத்துக்கு நான் மேலயே வர்றதில்ல."

மொய்தீன் கட்டையைத் திருப்பினார். மறுபக்கத்தில் இன்னொரு வெளிறல், கட்டைவிரல் அகலத்தில்.

யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லி விட்டுவிடலாம்தான். ஆனால் அவர் மரம் தெரிந்தவர். பதினெட்டு வருஷம் ஓசூர் சிப்காட்டில் ஒரு நாற்காலிக் கம்பெனியில் பாலிஷ் போட்டவர். கம்பெனி மூடிய பிறகு மூக்கண்டப்பள்ளியில் வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டவர். செர்ரி மரத்துக்கு ஒரு குணம் உண்டு. இழைத்த புதிதில் வெளிறிப்போய் இருக்கும். வெயில் படப்படச் சிவக்கும். வெயிலை மறைத்தால் மறைத்த இடம் சிவக்காது. ஆனால் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் கை வைத்தால் ஒன்றும் ஆகாது. அந்த நாலு கோடும் விழ வேண்டுமென்றால், யாரோ காலையிலிருந்து சாயங்காலம் வரை இம்மியும் அசையாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

அவர் கட்டையைக் கீழே கொண்டுவந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கோடுகள் போயின. லின்சீட் எண்ணெய் ஒரு கை பூசி வைத்தார். சாப்பிடும்போது சுக்ரா என்னவோ கேட்டாள், அவர் காதில் விழவில்லை.

கட்டை ராஜேஷ்குமாருடையது. தளி ரோட்டில் அவருக்கு ரோஜாத் தோட்டம், அதை ஒட்டி ராகிக் கொல்லை. காட்டுப்பன்றிக்கும் யானைக்குமாக லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார்; யானை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவது. அதன் பழைய கட்டை கொல்லைக் காவல் பரணிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளாட்சித் தேர்தல். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். அவர் குழலும் விசையுமான இரும்பை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, பிளந்த கட்டையையும் பெங்களூரில் வாங்கிய அமெரிக்க செர்ரிப் பலகையையும் மொய்தீனிடம் கொண்டுவந்து போட்டார்.

"ரிசல்ட் வந்ததும் துப்பாக்கி திரும்ப வந்துரும் பாய். அதுக்குள்ள முடிச்சிடுங்க. இது நல்லா வந்தா, புது வீட்டு மரவேலை பூரா உங்களுக்குத்தான்."

புது வீடு என்றால் இருபத்திரண்டு கதவு, மாடிப்படி, பூஜை அறை. மொய்தீன் அன்றைக்கே அந்த வீட்டுக்குள் குடியேறிவிட்டார், மனசால்.

துப்பாக்கியைப் பிடிக்கப்போவது முதலாளி இல்லை, கொல்லைக் காவல்காரன் கரியப்பன். அதனால் அளவு எடுக்க அவனையும் கூட்டிவந்திருந்தார்கள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், நாற்பது வயசு இருக்கும், கறுத்து ஒடிசலாக இருந்தான். மொய்தீன் பழுப்புத் தாளில் அவன் வலது கையை விரித்து வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிவர வரைந்துகொண்டார். மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"பாரூர்ல கரும்பு ஆட்டறப்ப மெசின்ல போச்சுங்க பாய்," என்றான் வெட்கப்பட்டவன் போல.

கட்டை செதுக்கி முடிக்கப் பத்து நாள் ஆனது. நிறத்தில்தான் மொய்தீன் மாட்டிக்கொண்டார். வெட்டிவிழுந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு சோதனை செய்தார். டீத்தண்ணியில் ஊறப்போட்ட துண்டு டீத்தண்ணி நிறத்தில்தான் வந்தது. அதற்கு எதற்கு அமெரிக்காவிலிருந்து மரம்? துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்துப் பூசினால் எருமைக் கறுப்பு. மருந்துக் கடையில் பெர்மாங்கனேட் வாங்கிக் கரைத்துத் தடவியது முதலில் கத்திரிக்காய் போல ஊதாவாகி, பிறகு சாணிப் பழுப்பாக இறங்கியது. சுக்ராவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் திருடிக் குழைத்துப் பூசியதில் நல்ல சிவப்பு வந்தது, ஆனால் திட்டுத்திட்டாக. எண்ணெய் பூசி வெயிலில் வைத்த துண்டு மட்டும்தான் யாரும் பூசாத நிறமாக, மரத்துக்குள்ளேயிருந்தே எழுந்து வருவதுபோலச் சிவந்தது. அதைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் மட்டமாகத் தெரிந்தது. வெயில்தான் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்த மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் சூரியனே இல்லை. தேர்தல் முடிந்து துப்பாக்கியின் இரும்பு தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. கட்டை கொட்டகையில் வெளிறிப்போய்க் கிடந்தது.

கரியப்பன் மூன்று தடவை வந்தான். சுக்ரா அப்போது தங்கச்சியின் பிரசவத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தாள். வீட்டில் மொய்தீன் மட்டும்தான்.

"பாய், கட்டை ஆச்சுங்களா? ஆனைங்க ஜவளகிரிப் பக்கமா எறங்கிருச்சுங்க."

"வெயிலே இல்லியே கரியப்பா. கலர் ஏறல."

இரண்டாம் தடவையும் இதேதான். மூன்றாம் தடவை, சனிக்கிழமை, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் வந்து நின்றான்.

"பச்சையாவே குடுங்க பாய். இரும்ப மாட்டி வானத்தப் பாத்து ரெண்டு வெடி போட்டாப் போதும். நெறத்த ஆனையா பாக்கப்போவுது? ராகி அறுத்ததும் நானே கொண்டாந்து குடுத்துடறேனுங்க. அப்புறம் நீங்க எப்பிடி வேணா பண்ணிக்கங்க."

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க," என்று மொய்தீன் சிரித்தார். "பாதியில குடுத்தா கை அழுக்கெல்லாம் உள்ள எறங்கிடும். அப்புறம் என் பேரு என்ன ஆவறது? ஒரு வாரம் பட்டாசு வெச்சு ஓட்டு."

கரியப்பன் சாக்கைத் தலையிலிருந்து இறக்கினான். கட்டையை ஒருமுறை கையில் எடுத்தான். தோளில் பொருத்திக் கன்னத்தை அதன்மேல் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, இல்லாத குழல் வழியாக வாசலைப் பார்த்தான்.

"நல்லா ஒக்காருதுங்க பாய்," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான்.

கோடுகள் விழுவதற்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை ராகிக் கொல்லையில், பரணுக்குக் கீழே, யானை மிதித்துச் செத்துக் கிடந்தான். நனைந்த பட்டாசுக் கட்டு கையிலேயே இருந்ததாம். புதன்கிழமை ஊத்தங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ராஜேஷ்குமார் வந்தார். முகம் சரியில்லை. வெளியே ஜீப்பை அணைக்காமலே கேட்டார்.

"மூணு தடவ அனுப்பினேன் பாய். மூணு தடவயும் ஆகலைன்னு வந்து சொன்னான். நெஜமா இங்க வந்தானா? இல்ல, தண்ணி போட்டுட்டுப் பாதியிலயே திரும்பிட்டானா?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். மொய்தீனுக்கு அந்த ஒரு மூச்சில் இருபத்திரண்டு கதவும் தெரிந்தன.

"வரவே இல்லீங்க. கட்டை அப்பவே ரெடி. கலர்தான் சும்மா பாத்துட்டிருந்தேன்."

"நெனச்சேன். இவன நம்பிக் கொல்லைய விட்டேன் பாருங்க. அவன் பொண்டாட்டிய தோட்டத்து லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள. வேற காவலுக்கு ஆள் வருது, அதுக்கு மறுநாள் சனிக்கிழமை வந்து கட்டைய வாங்கிக்கறேன்."

ஜீப் போன பிறகு மொய்தீன் கை கழுவினார். கரியப்பன் வந்து கேட்டதற்குச் சாட்சி கிடையாது. இருந்த ஒரே சாட்சியும் மண்ணுக்குள் போய்விட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மொய்தீனுடைய புளுகு அதையும் தாண்டும்போலத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, வானம் கழுவிவிட்டாற்போல வெயில் வந்தது. அவர் கட்டையை மாடிக்குக் கொண்டுபோனார்.

செவ்வாய்க்கிழமை தேய்த்து அழித்த கோடுகள், மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் பார்த்தபோது திரும்ப வந்திருந்தன.

இந்த முறை கழுத்தில் மட்டும் இல்லை. முன்பக்கம், துப்பாக்கியை இடது கையால் தாங்குகிற இடத்திலும் வெளிறல் இருந்தது, அகலமாக, உள்ளங்கை ரேகை தெரிகிற அளவுக்குத் துல்லியமாக. மாடியில் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கீழே யாரோ ஒருத்தி தெலுங்கில் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள். சிப்காட்டில் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது. மொய்தீன் கட்டையைத் துண்டில் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினார். ஆணியில் மாட்டியிருந்த பழுப்புத் தாளை எடுத்தார். பென்சில் கோட்டோடு கத்தரித்தார். கத்தரித்த கையைக் கட்டையின் கழுத்தில் சுற்றி வைத்தார்.

பொருந்தியது. பாதி மோதிர விரலும் பொருந்தியது.

பயம்தான், வேறொன்றுமில்லை, அவரே தனக்குள் அதைச் சொல்லிக்கொண்டார், சொன்னால் குறையும் என்பதுபோல. குறையவில்லை.

வியாழக்கிழமை அவர் கட்டையை மாடிக்கு எடுத்துப் போகவில்லை. கொட்டகைக்குள்ளேயே கதவை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். வெயில் வேண்டாம், மருந்தே போதும், எப்படியாவது முழுக் கட்டையும் ஒரே நிறமானால் சரி. உப்புத்தாளால் கழுத்தைத் தேய்தேய் என்று தேய்த்தார். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். மரம் பூராவும் சிவந்தது. விரல் இருந்த இடம் வெளுப்பாகவே நின்றது. மேலே பெர்மாங்கனேட் தடவினார். சுற்றிலும் கறுத்தது, விரல்களைத் தொடாமல் ஒதுங்கி ஓடியது, எண்ணெய்க் கையில் தண்ணீர் ஒட்டாமல் போகிற மாதிரி. கடைசியாக ஆணி ஊறிய வினிகர். கொட்டகையெங்கும் புளிப்பும் துருவும் கலந்த நெடி ஏறிக் கண் எரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தார். கறுத்த மரத்தில் இரண்டு கைகள், இப்போது இன்னும் தெளிவாக.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. கட்டையின் பின்பாதியில், குறிபார்க்கிறவன் கன்னத்தைச் சாய்க்கிற இடத்தில், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக ஒரு வெளிறல். அதன் விளிம்பில் சின்னச் சின்னப் புள்ளிகள். மொய்தீன் விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு நாள் மழிக்காத தாடியின் புள்ளிகள்.

அவர் எழுந்து வீட்டுக்குள் போய் போனை எடுத்தார். ராஜேஷ்குமார் நம்பரில் ஆறு எண் அழுத்தினார். 'வந்தான், மூணு தடவை வந்தான், நான்தான் குடுக்கல' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு அந்தப் பெண் பிள்ளை லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், குடிகாரன் பொண்டாட்டி என்ற பேரோடு. ஒரு வார்த்தை சொன்னால் அது நிற்கும். இருபத்திரண்டு கதவும் நின்றுவிடும். செத்தவனுக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது? அவர் போனை வைத்துவிட்டார்.

"யாருக்கு போனு?" என்றாள் சுக்ரா.

"ராங் நம்பர்."

"நீங்கதான போட்டீங்க?"

அவர் கொட்டகைக்குத் திரும்பிப் போனார்.

கறுத்த மரத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே முழுக்க இழைத்துத் தள்ளிவிட்டார். பழையபடி வெளிறிய கட்டை, முன்னைவிட மெலிந்து. ஒரு நாள் வெயில், ஒரே நாள், தானே காவல் இருந்து ஏற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். யார் வருகிறார்கள் பார்த்துவிடுவோம். சனிக்கிழமை முதலாளி வந்து வாங்கிக்கொண்டு போனால் தொல்லை விட்டது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் மாடியில் இருந்தார். இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் கட்டையைக் கிடத்தி, எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பனியனோடு உட்கார்ந்தார். மழை கழுவிய வானத்தில் வெயில் கண்ணாடித் துண்டுபோலக் கூராக இருந்தது. பெங்களூர் ரோட்டில் லாரிகள் இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ரப்பர் தீய்ந்த வாசனையும், பக்கத்து வீட்டுக் குழம்பில் வெங்காயம் வதங்கும் வாசனையும், அவர் கையிலிருந்தே லின்சீட் எண்ணெய் வாசனையும் மாறிமாறி வந்தன. அவர் கண்ணைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. எட்டு மணி. ஒன்பது. யாரும் வரவில்லை. கட்டை செங்கல்மேல் கிடந்தது, அதன் நிழல் தரையில் கிடந்தது, ஒரு காக்கை கைப்பிடிச் சுவரில் உட்கார வந்து, உட்காராமலே திரும்பிப் போயிற்று.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியது. தோள் எரிந்தது. நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. ஆனால் பிடரியில் மட்டும் எரிச்சல் இல்லை. வலது கன்னத்திலும் இல்லை. அந்தப் பக்கம் சில்லென்று இதமாக இருந்தது. கார்த்திகைக் காற்று என்று நினைத்துக்கொண்டார்.

கொடியைப் பார்த்தார். கொடி ஆடவில்லை. காற்றே இல்லை.

பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டது. மொய்தீன் வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டவரே இல்லை, காய்ச்சலில்கூடப் போனவர். எழ நினைத்தார். எழவில்லை. வெயிலில் உட்கார்ந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். கால் தரையில்தான் இருந்தது. கை நாற்காலியில்தான் இருந்தது. உடம்பு கிளம்பவில்லை. இடது முழங்கையின் அடியில் ஏதோ தாங்கினாற்போல இருந்தது. குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

"ஏங்க, பாங்கு சொல்லியாச்சு," என்று கீழேயிருந்து சுக்ரா கூப்பிட்டாள்.

"வர்றேன்," என்றார். குரல் வந்தது.

அவர் போகவில்லை.

பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. பீடி வாசனை. ஈரச் சாக்கு வாசனை. மழை விட்டு ஆறு நாள் ஆகிறது. மொய்தீன் திரும்பிப் பார்க்க நினைத்தார். கழுத்து திரும்பவில்லை. முகம் தானாக மேற்கே திரும்பியது, தளிப் பக்கம், காட்டுப் பக்கம். அங்கேயே நின்றது. ஒரு மணி. இரண்டு. மூன்று. கண்ணை இமைக்க முடிந்தது. அவ்வளவுதான் முடிந்தது.

ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்தது. கழுத்து லேசானது. அவர் தடுமாறி எழுந்து கட்டையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

ஒரு கோடு இல்லை. கழுத்து, முன்பக்கம், கன்னம் சாய்க்கிற இடம், எங்கேயும் ஒரு பொட்டு வெளிறல் இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்பு. ஒரு மாச வெயில் வேண்டிய நிறம் ஒரே நாளில் ஏறியிருந்தது. அவர் ஆயுசில் இப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. அழுகை வந்தது அவருக்கு. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். வெறும் பயம், வயசாகிறது, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

சுக்ரா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவி அரிசி தரையெல்லாம் கொட்டியது.

"மூஞ்சில என்னாங்க அது?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

முகமும் தோளும் கையும் வெயிலில் வெந்து செங்கல் நிறமாயிருந்தன. வலது கன்னத்தில் மட்டும் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு வெளிறல். விளிம்பில் புள்ளிகள். இடது முழங்கையின் அடியில் ஒன்று, அகலமாக. சுக்ரா பின்னால் வந்து அவர் கழுத்தைப் பார்த்தாள். ஈரத் துண்டால் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

"போவலீங்க," என்றாள். அவள் குரல் அழுதது. "நாலு வெரலுங்க. ஒண்ணு பாதிதான் இருக்கு."

வாசல் கேட் ஓசைப்பட்டது.

ஒரு பெண் பிள்ளை நின்றிருந்தாள், கையில் துணி மூட்டை, காலெல்லாம் செம்மண். கரியப்பன் மனைவி நாகம்மாள் என்று அவளே சொன்னாள். சுக்ரா உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒரே வார்த்த கேட்டுட்டுப் போயிடறேனுங்க பாய். எங்க வூட்டுக்காரரு கட்டைக்கு வந்து கேட்டாரா, இல்லீங்களா? தண்ணி போட்டுட்டு எங்கியோ கெடந்தாருன்னு மொதலாளி சொல்றாரு. சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சிட்டாங்க. வூடு போனாப் போவுதுங்க. அவரு பொய்யி சொல்ல மாட்டாருங்க பாய். வந்தாருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

சுக்ரா கணவனைப் பார்த்தாள். மொய்தீன் நாக்கில் அந்த வார்த்தை தயாராக இருந்தது. எட்டு நாளாகப் பழகிய வார்த்தை.

"வரலம்மா," என்றார். "ஒரு தடவகூட வரல."

நாகம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தோரம் தெரிந்த வெளிறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய், பிடரியில் தன் விரல்களை வைத்தாள், ஒவ்வொன்றாக, அந்த வெளிறல்களின்மேல். குட்டை விரலின் இடத்தில் அவள் விரல் நீளமாக நின்றது. அவள் கத்தவில்லை.

"இப்பிடித்தான் புடிப்பாரு," என்று சுக்ராவிடம் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள்.

பிறகு எதிரே வந்து நின்று நிமிர்ந்து, மொய்தீனின் தோளுக்கு மேலே, ஆள் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நீயே சொல்லுய்யா. வந்து கேட்டியா, இல்லியா?"

மொய்தீனின் தலை முன்னால் குனிந்தது. நிமிர்ந்தது.

அவர் ஆட்டவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை விறைப்பாக வைத்திருந்தார். பிடரியில் விரல்கள் பதிந்தன. நாகம்மாள் விரல்கள் இல்லை, அவள் எதிரே வந்து நின்றிருந்தாள். சில்லென்ற விரல்கள். மூன்று முழுசு, ஒன்று பாதி.

"எத்தினி தடவ?"

தலை குனிந்தது. நிமிர்ந்தது. குனிந்தது. நிமிர்ந்தது. மூன்றாவது தடவை தாடை நெஞ்செலும்பில் இடித்தது. உதடு கிழிந்தது. சுக்ரா ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்த முடியவில்லை.

"போதும்யா," என்றாள் நாகம்மாள். "தெரிஞ்சிச்சு. உட்டுடு."

விரல்கள் விடவில்லை.

"உட்டுடுய்யா. பாவம் அந்தக்கா."

தலை மறுபடியும் குனிந்தது.